பதினைந்தாவது நகர்வில் மணிக்கூட்டைப் பாருங்கள்

ஒன்லைன் செஸ் தெரிவுச் சுற்றின் முடிவு நேற்று வந்தது. யாழ்ப்பாண அணியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள், அடுத்த முறை ஆடப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். ஓப்பனிங், எண்ட்கேம் எல்லாம் உங்கள் சேர் சொல்லித் தந்திருப்பார். நேரத்தைப் பற்றித்தான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

கடைசி நிமிடத்தில் கை நடுங்குவதால்தான் நேரம் முடிகிறது என்று நினைக்கிறோம். அதற்கு வெகு முன்னமே, எட்டாம் நகர்வுக்கும் பதினைந்தாம் நகர்வுக்கும் இடையிலேயே அது போய்விடுகிறது. லிச்செஸ் என்ற செஸ் இணையத்தளத்தில் ஆட்டம் முடிந்ததும் ஆய்வுப் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரம் வரைபடமாக வரும். என் பழைய ஆட்டங்களில் அதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். ஓர் ஆட்டத்தில் ஒரு கம்பி மட்டும் தனியாக உயர்ந்து நின்றது: கோட்டையை ராஜாவுக்கு நேரே வைப்பதா, ராணி நின்ற வரிசையில் வைப்பதா என்ற யோசனை. கணினியைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி. இரண்டு நகர்வும் நல்லது என்று தெரிந்தால், முதலில் கண்ணில் பட்டதை ஆடிவிடுங்கள். காய் வெட்டுப்படும் இடம், ராஜாவுக்கு ஆபத்து வரும் இடம், சிப்பாய் வரிசை உடையும் இடம், இவற்றில் மட்டும் நின்று யோசியுங்கள்.

தொடக்கத்தில் 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் மணிக்கூட்டில் 10 விநாடி சேரும் என்றால், 60 நகர்வுக்கு மொத்தம் 25 நிமிடம். பதினைந்தாவது நகர்வு முடிய 9 நிமிடமாவது மிஞ்ச வேண்டும். நான் இதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். இந்தத் தாள் இல்லாவிட்டால் எனக்கு இடமே கிடைத்திருக்காது.

இப்படி நகர்வுக்கு நகர்வு விநாடி சேராத ஆட்டத்தில் பயிற்சி எடுக்காதீர்கள். முன்னாள் உலகச் சம்பியன் பொபி பிஷர் விநாடி சேர்க்கும் மணிக்கூட்டுக்குக் காப்புரிமை எடுத்து, 1992இல் இன்னொரு முன்னாள் சம்பியனான ஸ்பாஸ்கியோடு அதை வைத்தே ஆடினார். வென்ற நிலை கடைசி விநாடிகளில் வீணாகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

மற்றவை:

- சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் தானாக ராணியாகும்படி அமைத்துவிடுங்கள். எந்தக் காய் வேண்டும் என்று கேட்கும் பெட்டி திறந்தால் அதிலும் விநாடி போகும்.
- எதிராளி யோசிக்கும்போதே முன்கூட்டிப் போட்டு வைக்கும் நகர்வு லிச்செஸில் ஒன்றுதான், அதற்கு நேரம் பிடிக்காது. இன்னொரு தளமான செஸ்.கொம்மில் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி குறையும்.
- உங்களிடம் கோட்டையும் சிப்பாயும், எதிராளியிடம் ஒற்றைக் குதிரை. உங்கள் நேரம் முடிந்தால் லிச்செஸில் தோல்வி, செஸ்.கொம்மில் சமநிலை. எங்கே ஆடுகிறோம் என்பதை முதலே பாருங்கள்.
- மழைக்குக் கரண்ட் போனாலும் மணிக்கூடு நிற்காது. போனில் டேட்டா போட்டு, அதே கணக்கில் உள்நுழைந்து வையுங்கள். விதி அனுமதிக்கிறதா என்று நடுவரிடம் முதல் நாளே கேளுங்கள்.
- முதல் நாள் இரவு ஒரு நிமிட ஆட்டம் வேண்டவே வேண்டாம். என்னைப் போல ஆறுதலாக யோசிப்பவர்களுக்கு அது கையை மட்டும் பழக்கும், கண்ணைப் பழக்காது.