மூன்றாம் நம்பர் பட்டை

தன் பெயரில் எங்கள் கம்பெனி கொண்டுவரவிருந்த சென்ட்டுக்கான மூன்று மாதிரிகளையும் முகர்ந்துவிட்டு, “இதுல நான் எது?” என்று அந்த நடிகை கேட்டார். நான் சொன்ன பதில், “ரெண்டாம் நம்பர்தான் மேடம், டெஸ்ட்ல நிறைய பேருக்குப் பிடிச்சது.” கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இல்லை, உறைத்தது, கண்டுகொள்ளாமல் விட்டேன் என்பதுதான் உண்மையாக இருக்கும்.

மேசையில் சென்ட்டில் தோய்த்த மூன்று காகிதப் பட்டைகள். அவர் தானாகவே இரண்டு எண்ணெய்களைக் கலந்து வருஷக்கணக்காகப் பூசிவந்ததை வைத்துச் செய்தது மூன்றாவது. புகையும் கஸ்தூரியும் தூக்கல். அதை முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. இரண்டாவது பழவாசனை, இனிப்பு, யாரும் முகம் சுளிக்காதது.

என் பக்கமும் நியாயம் உண்டு. நட்சத்திரத்தின் பெயரைப் போட்டு சென்ட் விற்கும் இந்த லைசென்ஸ் வியாபாரத்தில் அவருக்கு முன்பணமும் ராயல்டியும். பாட்டில், விளம்பரம், விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் எங்கள் தலையில். அமெரிக்க நடிகை சாரா ஜெசிகா பார்க்கர் கதையை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவரும் சொந்தக் கலவையோடுதான் போனார், 2005இல் வந்த ‘லவ்லி’ அதைவிட ரொம்ப மென்மை, ஆனாலும் நன்றாக விற்றது. உடனே உறுத்தும்: அவர் விடவில்லையே, 2016இல் ‘ஸ்டாஷ்’ என்று அந்தப் பழைய வாசனைப் பக்கமே திரும்பி வந்தாரே. எங்கள் நடிகைக்கு இரண்டாவது வாய்ப்பு வரவில்லை. அவர் பெயரில் வந்த இரண்டாம் நம்பர் முதல் சீசனில் பிய்த்துக்கொண்டு போனது, மறுவருஷம் தள்ளுபடியில் கிடந்தது.

மூன்றாவதைப் போட்டிருந்தால் ஓடியிருக்குமா? தோலில் ஒரு மணி நேரம் ஊறினால்தான் அதன் அழகு வெளியே வரும், கடையில் நிற்பவர் பட்டையை முகர்வதோ பத்து நொடி. ஆனால் ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரின் ‘ஒயிட் டைமண்ட்ஸ்’ 1991இல் வந்து இன்றும் விற்கிறது, அதை முகர்ந்து முகம் சுளிப்பவர்களும் எக்கச்சக்கம். சரி, அது டெய்லர். இப்படியே இரண்டு பக்கமும் மாறி மாறி வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நம்பருக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது மூன்றாவது பட்டையை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பார்த்தேன். மிச்சமிருக்கிற சாம்பிளையும் அனுப்பட்டுமா என்றாவது கேட்டிருக்கலாம்.