குரங்குகளைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

வனவிலங்கு உயிரியல் முதுகலையில் குரங்கினங்களின் நடத்தையையும் சூழலியலையும் படித்தபோது, அந்தப் பாடத்தின் உயிர்நாடி எதுவென்று யாராவது கேட்டிருந்தால், ஜீன் ஆல்ட்மன் 1974-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரையைத்தான் காட்டியிருப்பேன். கணிதம் பயின்றவரும் கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவருமான அவர், கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டே போகும் ஆய்வாளரின் ஏட்டில் சண்டையும் துரத்தலும் நிறைந்துவிடும் என்பதையும், ஓசையின்றி மேய்ந்துகொண்டிருக்கும் தாய்க்குரங்கு அதில் இடம்பெறாமலே போய்விடும் என்பதையும் தெளிவாக எடுத்துரைத்தார்.

இதற்கு மாற்றாக அவர் வலியுறுத்திய ஃபோக்கல் முறையில், எந்தக் குரங்கைக் கவனிப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு, குறித்த நேரம் முழுவதும் அதை மட்டுமே பின்தொடர வேண்டும். பின்னால் பெரிய கலவரமே மூண்டாலும் திரும்பக் கூடாது. அது இலைமறைவில் போய்விட்டால் ‘பார்வையில் இல்லை’ என்பதையும் எழுத வேண்டும். நாட்டுக்குரங்குக் கூட்டமொன்றில் இப்படி ஒரு பெண்குரங்கைக் கவனித்தால், இன்னொன்றின் முதுகு மயிரை அது ஒரு கையால் வகிர்ந்து, மறுகையின் விரல்நுனியால் எதையோ கிள்ளி வாயில் இடுவதும், இடையிடையே உதடுகளை விரைந்து அசைப்பதும் தெரியும். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டே கூட்டத்தின் உறவுகளைக் கணிக்கிறோம் என்பதால், பொறுமையைச் சோதிக்கும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சூழலியல் பகுதிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைவிடச் சிறந்த வகுப்பறை கிடைப்பது அரிது. ஆனைமலையின் மழைக்காடுகளில் சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தியும் நீலகிரி லங்கூர் எனப்படும் கருமந்தியும் ஒரே காட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. கருமந்தியின் பல அறைகள் கொண்ட இரைப்பை, மாட்டின் வயிற்றைப் போல நுண்ணுயிரிகளைக் கொண்டு இலையை நொதிக்கவைக்கிறது. அதனால் உண்டபின் நெடுநேரம் ஓய்ந்திருக்கிறது. சோலைமந்தியோ பழம், விதை, பூச்சி என்று தேடி அலைகிறது. கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு விலகிப்போய், புறங்கையால் கன்னத்தை அழுத்தி, சிறிது சிறிதாக வாய்க்குத் தள்ளித் தின்கிறது. வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதன் முக்கிய உணவுகளில் அடங்கும் என்பதால், அந்த மரத்தை வெட்டுவது அதன் வயிற்றிலடிப்பதேயாகும்.

வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் நடத்தை, சூழலியல் என்ற பாடத்தின் இவ்விரு பகுதிகளும் ஒன்றுசேர்கின்றன. வாழ்நாளின் பெரும்பகுதியை மரக்கிளைகளிலேயே கழிக்கக்கூடிய சோலைமந்திகள், நூறு ஹெக்டேருக்கும் குறைவான துண்டுக்காட்டில் சிக்கி, தரையில் நடக்கவும் சாலையைக் கடக்கவும் வீடுகளுக்குள் புகவும் பழகியிருக்கின்றன. வாகனங்களில் அடிபடுவதைக் குறைக்கச் சாலைக்கு மேலே மரங்களை இணைத்துப் பாலங்கள் கட்டப்பட்டன. மந்திகள் எந்த இடத்தில், எந்த வேளையில் சாலையைக் கடக்கின்றன என்ற பதிவு இத்தகைய வேலைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு குறையை மட்டும் வெளிப்படையாகச் சொல்லத் தோன்றுகிறது. சோலைமந்தி ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே இரண்டாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் விலங்கு. ஒரு பருவத்தில் முடிந்துவிடும் முதுகலை ஆய்வேட்டுக்குள் ஒரே தாயின் இரண்டு பேறுகளைக்கூடக் காண இயலாது. இலங்கையில் பொலன்னறுவைக் குரங்குகளை 1968 முதல் வுல்ஃப்காங் டிட்டஸ் தொடர்ந்து கவனித்துவந்ததால்தான், அங்கே பிறப்பு, இறப்பு, தரவரிசை ஆகியவற்றைத் தலைமுறைகளாகப் பின்தொடர முடிந்தது. நம் பல்கலைக்கழகத் துறைகளும் ஆண்டுதோறும் புதிய தலைப்பைத் தேடுவதை விடுத்து, ஒரே கூட்டத்தைக் கைமாற்றிக் கவனிக்கலாம். கிழிந்த காது, வால்நுனியின் வடிவம், முகத்தழும்பு என்று ஒரு மாணவர் அரும்பாடுபட்டுத் தயாரித்த அடையாளப் பட்டியலும் தரவுத்தாள்களும் அடுத்து வருபவரின் கையில் முதல் நாளே இருக்க வேண்டும்.