சும்மா இருக்கும்போதே அணையும் புதுக் கணினி: தேடிப் பார்த்த குறிப்புகள்

புதிதாகப் பூட்டிய கணினி தானாக அணைந்துகொண்டே இருந்தது. ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, 650 வாட் பவர் சப்ளை, நடுத்தரமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் ஏறியது, டிரைவர்கள் ஏறின, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் திடீரென்று திரை கறுத்து விசிறிகள் நின்றுவிடும். நீலத்திரை (விண்டோஸ் நொறுங்கும்போது வரும் பிழைத் திரை) கிடையாது, எச்சரிக்கை கிடையாது. பட்டனை அழுத்தினால் உடனே எழுந்துகொள்ளும். சில சமயம் எழுந்த நான்கைந்து நொடியில் மறுபடி அணையும், சில சமயம் மாலை முழுக்க ஓடும்.

இப்படிப்பட்ட கோளாறில் உதிரிபாகத்தை மாற்றத் தொடங்கும் முன் அது எப்படி அணைகிறது என்று கவனிப்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன். வேலை கொடுத்தால் அணைகிறதா, சும்மா இருக்கும்போதா? தானாக மறுபடி தொடங்குகிறதா, அணைந்தே கிடக்கிறதா? இந்த விடைகளே சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும். என்னுடையது பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் அணைந்தது, அணைந்தால் அப்படியே கிடந்தது. ஒரு தாளில் ஒவ்வொரு முறையும் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி வைத்தேன். வேறு எந்த ஒழுங்கும் தெரியவில்லை. அதுவும் ஒரு தகவல்தான்.

எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது சூட்டை, நானும் அங்கேதான் தொடங்கினேன். இந்தப் பிராசஸருக்கு உச்ச வரம்பு 95 டிகிரி செல்சியஸ். ஆனால் அதைத் தொட்டதும் கணினி அணைந்துவிடாது. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் மின்சாரம் வெட்டப்படும். கூலர் சரியாக உட்காராமலோ, அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலோ இருந்தால் விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே டிகிரி மளமளவென்று ஏறுவது தெரியும். சூட்டையும் வோல்ட்டையும் பதிவு செய்யும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவைத் திறந்து வைத்து, கணினிக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடியை ஓட்டினேன். எழுபதுகளிலேயே நின்றது. அணையும் முன் எழுதப்பட்ட கடைசி வரியில் நாற்பது சொச்சம். சூடு இல்லை.

அடுத்து பவர் சப்ளை. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 12 வோல்ட் இணைப்பில் 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம் என்பது ஏடிஎக்ஸின் (பவர் சப்ளைகளுக்கான பொது அளவுமுறை) வழக்கமான விதி, அதாவது 11.4 முதல் 12.6 வரை. கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட் வழியே 75 வாட், 8 பின் கேபிள் வழியே 150 வாட் இழுக்கலாம். பிராசஸரையும் கார்டையும் ஒன்றாக வாட்டும் ஓசிசிடியின் பவர் சோதனையை ஓட்டிவிட்டு, காலியாக இருந்த மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின்) முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 12க்குச் சற்று மேலேயே நின்றது. சாதாரண மீட்டர் மில்லிநொடிச் சரிவுகளைக் காட்டாது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் முழுச் சுமையில் நீண்ட நேரம் அசையாமல் நின்ற பவர் சப்ளை, வெறும் டெஸ்க்டாப் திரையில் விழுவது எனக்குப் பொருந்தவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சோதிப்பதற்காக வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கினால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். மாடுலர், அதாவது கழற்றி மாட்டக்கூடிய, கேபிள்களின் பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுவான விதி கிடையாது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், பொருத்தினால் உட்காரும், ஆனால் உள்ளே வயர் வரிசை வேறாக இருந்தால் டிரைவோ போர்டோ கருகிவிடும்.

ராமை வேகமாக முடித்தேன். ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பை அணைத்து, சாதாரண வேகத்தில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினேன், பிழை இல்லை. ராம் கோளாறு பெரும்பாலும் நீலத்திரையாகவோ உறைந்துபோன திரையாகவோதான் வெளிப்படும், இப்படி மொத்தமாக மின்சாரம் போவது அதன் குணம் இல்லை.

திருப்பம் வந்தது, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒரு பதிவு இருக்கும். பலர் அதையே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பதிவின் விவரப் பகுதியைத் திறந்தால் உள்ளே சில மதிப்புகள் இருக்கும். பக்செக் கோடு பூஜ்யம் என்றால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. எனக்கும் பூஜ்யம்தான். அதே பட்டியலில் பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்றொரு வரி. மின்சாரம் சும்மா துண்டிக்கப்பட்டிருந்தால் அங்கேயும் பூஜ்யம் இருக்கும். என் பதிவுகளில் நீளமான எண் இருந்தது. பவர் பட்டனை யாரோ அழுத்திப் பிடித்தார்கள் என்று அதற்கு அர்த்தம். கணினி அணைந்தபோது அதன் பக்கத்தில் யாருமே இல்லை!

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாகப் பொருந்தியது. பவர் பட்டனை 4 நொடிக்கு மேல் பிடித்தால், விண்டோஸ் என்ன நினைத்தாலும், போர்டு மின்சாரத்தை வெட்டிவிடும். எழுந்த நான்கைந்து நொடியில் அணைந்ததும் இதனால்தான், முதல் அழுத்தலிலிருந்து பட்டன் விடுபடவே இல்லை. மேசைக்கடியில் கால் படும் என்பதற்காகப் பட்டனை அழுத்தினால் எதுவும் செய்யாதபடி விண்டோஸில் வைத்திருக்கிறேன், அதனால் சின்னத் தொடுதல்கள் எதுவும் வெளியே தெரியவில்லை. அந்த அமைப்பை ஸ்லீப் என்று மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கணினி தானாகத் தூங்கப் போனது. அந்த நிமிடத்தின் சந்தோஷம் தனி.

உறுதிப்படுத்த, போர்டிலிருந்து பவர் பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுக் கணினியைத் தொடங்கினேன். அணையவே இல்லை. கழற்றிய வயரின் முனையில் மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்தேன். பட்டனைத் தொடாமல் கேஸின் முன்பக்கத் தகட்டை லேசாக அழுத்தினாலே பீப் அடித்தது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் பட்டனின் தண்டு, உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சின் மேல் இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. முன் விசிறிகளின் அதிர்வே அதை அமுக்கப் போதுமானதாக இருந்திருக்கும். வார்ப்பிலேயே உள்ள குறை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இப்போதைக்கு ரீசெட் பட்டனின் வயரை எடுத்து பவர் பின்களில் மாட்டியிருக்கிறேன். இரண்டுமே வெறும் அழுத்து சுவிட்சுகள், எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். ரீசெட் இல்லாததை நான் உணரக்கூட இல்லை. எக்ஸ்போவை மறுபடி போட்டு ஓசிசிடியின் மெமரி சோதனையை ஓட்டினேன், பிழை வரவில்லை. முன்பக்கத் தகட்டை மாற்றித் தரும்படி கேஸ் தயாரித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். புதுத் தகடு வந்ததும் மாட்டும் முன் அதையும் மீட்டரில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.