சி.டி. நார்மல் என்றால்

"ஒண்ணியும் இல்லைல சார்?" என்று அந்தப் பையன் கேட்டதற்கு, ஸ்கேன் எடுக்கும் நான் சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

பீடி சுற்றிக்கொண்டிருந்தபோதே அவன் அம்மாவுக்கு வலது கை விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறிவிட்டது. பக்கவாதம். குடியாத்தம் பக்கத்திலிருந்து நேராக வேலூருக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். சி.டி. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக் கசிவு இல்லை. அதைக் கேட்டதும் பையன் முகம் தெளிந்தது, எனக்குப் பயமே அப்போதுதான் வந்தது, ஏனென்றால் 'நார்மல்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஆளை வீட்டுக்கே கூட்டிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொன்னேன்: "தம்பி, கசிவு இல்லைன்னு மட்டும்தான் இதுக்கு அர்த்தம். ரத்தக் குழாய் அடைப்புன்னா முதல் சில மணி நேரம் சி.டி.யில சரியா தெரியாது, எம்.ஆர்.ஐ.லதான் சீக்கிரம் தெரியும்."

உண்மைதானே! ரத்த ஓட்டம் நின்றதும் செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்ப் ஓய்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்து அசைய முடியாமல் சிக்கிக்கொள்கிறது. தண்ணீரின் அசைவைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமான டிஃப்யூஷனில் அந்த இடம் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். சி.டி.யில் விண்டோவை, அதாவது திரையில் காட்டும் சாம்பல் நிற வீச்சை, குறுக்கி வைத்துத் தேடினால்தான் மூளையின் பக்கவாட்டில் உள்ளே மறைந்திருக்கும் இன்சுலா ஓரம் மங்கியிருப்பதோ, மடிப்புகள் லேசாக வீங்கியிருப்பதோ கிடைக்கும். அந்த அம்மாவுக்கு இடது இன்சுலாவில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ரிப்போர்ட் எழுதுவது என் வேலையில்லை.

டாக்டர் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கையெழுத்து கேட்டார். ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. பையன் மறுத்துவிட்டான். "மொதல்ல எம்.ஆர்.ஐ. பாத்துடலாம், ஸ்கேன் எடுக்குற சாரே சொன்னாரு."

எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிற கேஸ் உண்டு. தூங்கி எழும்போதே கை வராமல் இருந்தால் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே டிஃப்யூஷனில் தெரிந்து ஃபிளேர் என்ற இன்னொரு எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாமல் இருந்தால் அனேகமாக நாலரை மணி நேரத்துக்குள் நடந்தது என்று பிடிக்கலாம். இந்த அம்மாவுக்கு எல்லார் கண்ணெதிரில் நடந்திருக்கிறது. ஸ்கேனைப் பொறுத்தவரை கசிவு இல்லை என்பதே ஊசிக்குப் போதும்.

அவனுக்குப் புரியவைத்து ஊசி போட்டபோது நாலரை மணி நேரக் கெடு தாண்டவில்லை, சரி. ஆனால் மூளை அந்தக் கெடு வரை காத்திருப்பதில்லை. பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போகும் என்று 2006-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. அதைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று சில ராத்திரி தோன்றும்.

அந்த அம்மா நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள், பேச்சும் திரும்பியது. ஆனால் வலது கை விரல்கள் பீடி இலையை மடிக்கிற அளவுக்கு வரவில்லை. அந்தத் தாமதத்தால்தானா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, ஊசி உடனே போட்டும் கை வராதவர்கள் இருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் 'ஒண்ணுமில்லை' என்று கிளம்பியிருப்பான் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் அந்த நேரம் எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.