பெரியப்பாவின் சாக்கும் என் பத்மினியும்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மேட்டூரில் காவிரியில் முங்கிவிட்டு அம்மா, மனைவி, பையன், நான் என்று நாலு பேரும் பத்மினி காரில் தருமபுரி திரும்பினோம். தொப்பூர் வரைக்கும் ராஜா மாதிரி வந்த வண்டி, மேடு ஆரம்பித்ததும் நாலாவது கியரிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறங்கிக்கொண்டே போய், இரட்டைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருமி நின்றுவிட்டது. சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. கிளீனர் பையன் கை வேறு காட்டினான்.

டாங்கியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்ப் தொட முடியாத சூடு. உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. அம்மா குளித்த ஈரத் துண்டை பம்ப்பின் மேல் சுற்றிவைத்து இருபது நிமிஷம் ஓரமாக நின்றோம். "காவேரித் தண்ணி இதுக்காவது ஆச்சே" என்றார் அம்மா. அப்புறம் கிளம்பியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: வண்டி 1976 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி, நாலு கியரும் ஸ்டியரிங் அடியில். புதிதாக வந்தபோது சுமார் 40 குதிரைசக்தி. பாலக்கோட்டில் இருக்கும் பெரியப்பாவுடையது. இரண்டு வருஷம் முன்னால் சாவியைக் கொடுக்கும்போதே ஒரு கண்டிஷன் போட்டார்: "ஒரு இடத்துலயும் ஓட்டை போடக் கூடாது. கழட்டுனது அத்தனையும் ஒரு சாக்குல கட்டி வெக்கணும். நான் கேட்டா எடுத்து மாட்டிக் காட்டணும்." அவருக்கு 81 வயது. உண்மையிலேயே கேட்பார்.

ஆகஸ்ட் 5

மாமா பையன் வாட்ஸ்அப்பில் வந்தான். "மாருதி இன்ஜின் இறக்கிடலாம் மாமா, பழசுல 70 ஆயிரத்துக்குள்ள முடியும்." பத்மினி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த யோசனையைச் சொல்ல ஒரு மாமா பையன் இருப்பான்.

பணத்தை விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அது போக, 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் விண்டேஜ் பதிவு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால்தான் அது கிடைக்கும். அடுத்த வருஷம் நம் வண்டிக்கும் 50 ஆகிறது. ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரியான காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டவே கூடாது. மேட்டூருக்கு எப்படிப் போவது? எனக்கு வேண்டாம். ஆனாலும் தகுதியைக் கெடுத்து வைப்பானேன்.

பட்ஜெட் 15,000. குறி ஒன்றுதான்: நாலு பேரோடு தொப்பூர் மேட்டில் நிற்காமல் ஏற வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் பாலக்கோடு ரோட்டில் ஒரு சமமான நீட்டம் பார்த்து அளந்தோம். நாலாவது கியரில் 30இலிருந்து 60 போக எத்தனை விநாடி? பையன் கையில் செல்போன், ஜிபிஎஸ் வேகம், ஸ்டாப்வாட்ச். போக மூன்று தடவை, வர மூன்று தடவை. சராசரி 27 விநாடி. மாட்டு வண்டியோடு போட்டி வைக்கலாம்.

நம் ஊர் உயரத்துக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீத சக்தி குறையும். தருமபுரி 450 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே 4, 5 சதவீதம் போய்விடும். மீதி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

அந்த மீதியில் ஒரு பகுதி வீட்டு வாசலிலேயே கிடைத்தது. இன்ஜினை அணைத்து, ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, மனைவியை உட்காரவைத்து "ஆக்சிலேட்டரை முழுசா மிதி" என்றேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பித்தளைத் தட்டு பாதிக்குக் கொஞ்சம் மேலே சாய்ந்தபடி நிற்கிறது. முழுசாகத் திறந்தால் நேராக நிற்க வேண்டும்.

"மிதிச்சியா?"

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்கு வந்துடும்."

பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தது நான் போன வருஷம் வாங்கிப் போட்ட ரப்பர் மேட். போதாததற்கு பெடலிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் போகும் ராடு கூடும் இடத்தில் புஷ் (உள்வளையம்) தேய்ந்து லொடலொட. மேட்டை உருவி, 40 ரூபாய்க்குப் புஷ் போட்டு ராடைச் சரிசெய்ததும் தட்டு நேரே நின்றது. ஒரு வருஷமாக அரைகுறை கார்ப்ரேட்டரில் ஓட்டிக்கொண்டு பிஸ்டன் ரிங் போய்விட்டதோ என்று கவலைப்பட்டிருக்கிறேன். சாயந்திரம் அளந்தால் 23.

ஆகஸ்ட் 15

லீவு. சமதரையில் நியூட்ரலில் தள்ளிப் பார்த்தேன், ஒரு ஆள் தள்ளி நகரவில்லை. ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் சுற்றினேன். முன் இடது மட்டும் பிரேக்கை மிதித்துவிட்டால் அப்புறம் விடுவதே இல்லை. ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே ஊதிப்போய் வழி அடைத்துவிட்டது. மிதிக்கும்போது பிரேக் ஆயில் அழுத்தத்தில் போய்விடும், திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே எத்தனை மாதம் ஓட்டினேனோ. ஹோஸ், வீல் சிலிண்டர் இரண்டுக்கும் 1,350. பழைய ஹோஸ் சாக்குக்குப் போயிற்று.

டிக்கியையும் காலி செய்தேன். மூன்று ஜாக்கி, அரை மூட்டை மணல், உடைந்த பம்பு. மணல் எதற்கு என்று பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். "மழைக்காலத்துல பின்னாடி வழுக்கும்" என்றார். 1990களில் போட்ட மணலாம்.

ஆகஸ்ட் 17

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேஸ்திரியிடம் போனோம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். மற்ற மூன்று சிலிண்டரில் 110 பிஎஸ்ஐக்கு முன்பின், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 80. ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு முள் ஏறும். 80லேயே நின்றது. "ரிங் நல்லாருக்கு சார், வால்வு லீக்" என்றார். டேப்பட் கவரைத் திறந்தால் அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) முழுசாக மூட இடைவெளியே இல்லை. நான் ஆறு மாதம் முன்பு ஒரு பட்டறையில் இந்த டேப்பட் இடைவெளியை வைத்தது. "சத்தம் வராம வெச்சிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். சத்தம் வராமல்தான் வால்வைச் சுட்டிருக்கிறார்கள்.

வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகத்தை, அதாவது ஹெட்டை இறக்கினோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வால்வு அரைக்கும் வேலையில் நானும் கை கொடுத்தேன். கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கப் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மத்துக் கடைவதுபோல முன்னும் பின்னும். முதலில் கரகரவென்று சத்தம், போகப் போக சத்தம் மாறி வழவழப்பாகும். துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி வளையம் தெரிய வேண்டும். மூன்றாம் சிலிண்டர் வால்வில் ஒரு ஓரம் கறுத்துக்கொண்டே இருந்தது, அதை மட்டும் புதிதாக மாற்றினோம்.

லேத்துக்காரர் ஒரு ஆசை காட்டினார். "ஹெட்டோட அடிமட்டத்தை ஒன்னரை மில்லி சீவிடலாம், கம்ப்ரஷன் ஏறும், பறக்கும்." மட்டம் வருகிற அளவுக்கு மட்டும் பேஸிங் போடச் சொன்னேன். மற்றதையெல்லாம் கழற்றிச் சாக்கில் போடலாம். சீவின உலோகத்தை எந்தச் சாக்கில் போடுவது?

வால்வு, காஸ்கெட், லேத், மேஸ்திரி கூலி எல்லாம் 5,600.

ஆகஸ்ட் 29

புதன் விநாயகர் சதுர்த்தி, பட்டறை இன்றுதான் திறந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறது. ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேறு வேறு இடைவெளியில் திறக்கும். பொறி விழும் நேரம் பார்க்கும் டைமிங் லைட்டில் குறி ஒரு இடத்தில் நிற்காமல் குதித்ததன் காரணம் இதுதான். வெண்கல புஷ் கடைந்து போட்டார்கள், 650. பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் 900.

பாயிண்டுக்குப் பதில் மூடிக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் செட் கிடைக்கிறது. வெளியே தெரியாது, ஓட்டையும் வேண்டாம். வாங்க நினைத்துத்தான் போனேன். புஷ் போட்டதும் குறி அசையாமல் நின்றுவிட்டது, அதனால் வாங்கவில்லை. அந்தக் காசில் ரேடியேட்டர் கழுவியாயிற்று, 1,200.

இப்போது 18 விநாடி.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெட்ரோல் விவகாரம். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான பழைய ஜெட் தருகிற பெட்ரோல் காற்றுக்குப் போதாது. பழைய ரப்பரையும் அது கரைக்கும். ஹோஸ் எல்லாவற்றையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்குகிற வகையில் மாற்றினேன், 780.

சோலெக்ஸ் கார்ப்ரேட்டரில் ஜெட் மேல் இருக்கும் எண்தான் துளையின் அளவு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். என்னுடைய ஜெட்டில் எண் ஒன்று, துளை வேறு. எந்தக் காலத்திலோ யாரோ கம்பி விட்டுக் குடைந்து கோழிமுட்டை வடிவமாக்கியிருக்கிறார்கள். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடி மூன்று அளவில் ஜெட் வாங்கினேன், 700. பழைய எண்ணுக்குச் சமமானதைப் போட்டு ஓட்டினால் பாதி மிதியில் தயக்கம், பிளக் வெள்ளையாகிவிட்டது. ஒரு அளவு ஏற்றினேன், பிளக் காபிப்பொடி நிறத்தில் வந்தது. அதற்கு மேல் ஏற்றினால் கரி. நடுவில் இருப்பதையே வைத்துவிட்டேன். 17 விநாடி.

செப்டம்பர் 14, ஞாயிறு

மேட்டூர் போய்த் திரும்பினோம். இந்த முறை பெரியப்பாவும் சேர்த்து ஐந்து பேர். மேட்டில் மூன்றாவது கியரில் 45இல் போய்க்கொண்டே இருந்தது, சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. இரட்டைப்பாலம் வந்தபோது அம்மா மடியில் இருந்த ஈரத் துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். தேவைப்படவில்லை. ஒரு லாரியைக்கூட முந்தினோம், காலி லாரிதான் என்று மனைவி சொல்கிறாள்.

மொத்தச் செலவு 11,220. மிச்சம் 3,780.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா காபி கூடக் குடிக்கவில்லை. "சாக்கை எடு." திண்ணையில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். ஹோஸ், வீல் சிலிண்டர், வால்வு, பாயிண்ட், கண்டென்சர், நாலு பிளக்.

"கார்ப்ரேட்டர் ஜெட் எங்கடா?"

சாக்கை உதறினேன், டிக்கியைப் பார்த்தேன், மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது.