வெளிநாட்டு மாமாவிடம் பேஸ் கிற்றார் கேட்கும் முன்

ஆடி, ஆவணி மாதம் வந்தால் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். "அண்ணை, மாமா கனடாவிலயிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார். எந்த பேஸ் எண்டு சொல்லிவிட?" கேட்பதில் பிழையில்லை. அங்கே பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நேரம்தான், வருகிறவர்களின் சூட்கேசில் இடமும் இருக்கும். ஆனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "முதல்ல இப்ப வச்சிருக்கிற பேஸைக் கொண்டுவாரும், பாப்பம்."

கொண்டுவந்தால் அநேகமாக மரத்தில் குறை இருக்காது. கம்பி துருப்பிடித்திருக்கும், நெக் வளைந்திருக்கும், கேபிள் செருகும் ஜாக் ஆடும், கேபிள் உள்ளே அறுந்திருக்கும். இத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு இன்னொரு பேஸ் வாங்கினால், அடுத்த மாரி முடியும்போது அதுவும் இதே நிலைக்கு வந்து நிற்கும். மாமாவின் காசும் சூட்கேஸ் இடமும் பேஸுக்கும் கேட்பவரின் காதுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சாமான்களுக்குப் போகவேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் கேட்கக்கூடாதது எது என்று சொல்லிவிடுகிறேன். கனடாவிலிருந்து அம்ப் வேண்டாம். அங்கே வீட்டுக் கறண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய அம்பை இங்கே நேரே செருகினால் பியூஸோடு போனால் நல்லகாலம், உள்ளேயிருக்கும் ட்ரான்ஸ்போமரே எரியலாம். பின்பக்கத்தில் 115/230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தாலோ, 100–240 என்று அச்சிட்டிருந்தாலோ மட்டும் கொண்டுவரலாம். பெடலுக்கான அடாப்டருக்கும் இதே விதிதான்.

லண்டனிலிருந்து வருவதென்றால் கவலை குறைவு. வோல்ற்றும் ஒன்று, அந்தச் சதுரக்கால் மூன்றுமுனைப் பிளக்கும் இங்கே பாவிப்பதுதான். ஜேர்மனி, பிரான்ஸ் சாமான்களில்தான் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கறண்ட் ஒத்துப்போகும், பிளக் ஒத்துப்போகாது. அந்த வட்டப் பிளக்கில் ஏர்த் பக்கவாட்டிலோ குழியிலோ இருக்கும். கடையில் விற்கும் மலிவு அடாப்டரில் செருகினால் இரண்டு கால் மட்டும் தொட்டு, ஏர்த் எங்கும் தொடாமல் நின்றுவிடும். அம்ப் வேலை செய்யும், ஆனால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பிளக்கை வெட்டி, மூன்று வயரையும் சரியாகப் பிடித்து, இங்கத்தைய பிளக் போட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் வயரிங் செய்கிற ஒருவரைப் பிடியுங்கள்.

இனிக் கேட்கவேண்டியவை. கம்பி இரண்டு செற், நல்ல டிஐ பொக்ஸ் (பேஸின் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்று, பெடல் ரியூனர் ஒன்று, அலன் கீ (அறுகோண வாய்த் திருகி) அங்குல அளவிலும் மில்லிமீற்றர் அளவிலும் ஒவ்வொரு கட்டு. நெக்கின் தலையில் கவ்வும் ரியூனர் மலிவுதான், ஆனால் தடித்த ஈ கம்பியைப் பிடிக்க அது தடுமாறும். மேடையில் பக்கத்தில் தவில் முழங்கும்போது அதை நம்ப முடியாது. அலன் கீயில் இரண்டு அளவும் கேட்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் செய்த பேஸ்கள் பெரும்பாலும் அங்குல அளவு, யப்பான், இந்தோனேசியா பேஸ்கள் மில்லிமீற்றர் அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிற கீயை வைத்துத் திருகினால் நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் றொட் என்ற இரும்புக் கோலின் வாய் தேய்ந்துபோகும். பிறகு அதைத் திருத்த இங்கே ஆள் தேடி அலையவேண்டும்.

டிஐ பொக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பற்றரி இல்லாத பேஸ் வைத்திருப்பவர்கள் அக்ரிவ் டிஐ எடுங்கள். மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ற்றிலேயே அது இயங்கும். பற்றரி உள்ள பேஸுக்குக் கறண்ட் தேவைப்படாத பாசிவ் டிஐ போதும். சவுண்ட்காரர் தன் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துத் தருவார் என்று நம்பிப் போகாதீர்கள். நாங்கள் வாசிப்பது கோயில் வீதிகளில். அங்கே பேஸ் நேரே மிக்சருக்குத்தான் போகும், உங்கள் அம்ப் உங்களுக்கு மட்டும் கேட்கும். சனத்துக்குக் கேட்கும் சத்தம் அந்தச் சின்னப் பெட்டியால் போகிறது.

கம்பிக்கு வருவோம். குருநகர், நாவாந்துறை, காரைநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உப்புக் காற்று எதையும் விடாது. அதோடு கை வியர்வை சேர்ந்தால் புதுக் கம்பியின் மினுக்கமான சத்தம் வெகு சீக்கிரம் செத்துவிடும். வாசித்து முடித்த கையோடு பழைய பருத்திச் சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். செத்த கம்பியைக் கழற்றி மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் ஒரு இரவு ஊறவிட்டால் கொஞ்சக் காலத்துக்கு உயிர் வரும். தண்ணீரில் அவிக்கிற வழக்கமும் உண்டு. ஆனால் சரியாகக் காயாவிட்டால் சுற்றுக்குள் துரு பிடிக்கும், ஆகவே நான் ஸ்பிரிற் பக்கம்.

இதையெல்லாம் விட நல்ல வழி ஒன்று உண்டு: பிளாற்வூண்ட் கம்பி. மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் அழுக்கு ஏறுவது குறைவு, வருடக்கணக்கில் தாங்கும், பழைய சினிமாப் பாட்டுகளுக்குத் தேவையான உருண்ட சத்தம் தானாக வரும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்துப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரசிசன் பேஸில் தடித்த பிளாற்வூண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். விலை கூடத்தான், அதனால்தான் மாமாவிடம் கேட்கச் சொல்கிறேன். கேட்கும்போது 34 அங்குல லோங் ஸ்கேல், கம்பித் தடிப்பு 45 முதல் 105 வரை என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். பிளாற்வூண்ட் சில செற்றுகளில் இழுவிசை கூட இருக்கும், போட்டபின் நெக்கை ஒருமுறை பார்க்கவேண்டும்.

நெக் பார்ப்பது பெரிய வித்தையல்ல. முதல் பிரெட்டில் கப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடம்போடு சேருமிடத்துப் பிரெட்டை ஒரு விரலால் அழுத்துங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் பிரெட்டின் மேல், கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிற்றிங் கார்ட் மெதுவாக நுழையவேண்டும். அது ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் றொட்டை வலஞ்சுழியாக, கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். நெக் பின்பக்கம் வளைந்து கம்பி பிரெட்டில் உரசினால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். கால் சுற்றுக்குப் பிறகு கீயை வைத்துவிட்டுத் தேநீர் குடியுங்கள், மரம் மெதுவாகத்தான் அசையும். அடுத்தது உயரம்: பன்னிரண்டாம் பிரெட்டில் ஜி கம்பி 2 மில்லிமீற்றர், ஈ கம்பி இரண்டரை. கடைசியாகத்தான் உடம்பின் பக்கம் கம்பி தங்கி நிற்கும் சடிலை முன்பின் நகர்த்தவேண்டும். பன்னிரண்டாம் பிரெட்டை அழுத்தி வரும் சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் மெதுவாகத் தொட்டு எழுப்பும் சுரம்) விட ஏறியிருந்தால் சடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் முதலிலிருந்து செய்யவேண்டி வரும். மாரியில் நெக் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் ஒரு மாதிரி. ஆகவே வருடத்தில் இரண்டு தரமாவது பாருங்கள்.

பிங்கர்போட்டில் தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களை இன்னும் காண்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது மரத்துக்குள் ஊறிச் சிக்குப் பிடிக்கும், மணக்கும்.

ஜாக் ஆடினால் வெளியே இருக்கும் நட்டை மட்டும் இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று வயர் முறுக்கி அறுந்துவிடும். தட்டைக் கழற்றி, உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். கேபிள் தளர்வாக இருந்தால் நுனியைத் தொடும் அந்த வளைந்த தகட்டைச் சற்று உள்ளே வளைத்துவிடுங்கள். வயர் அறுந்திருந்தால் றேடியோ திருத்துகிற எந்தக் கடையிலும் ஈயம் வைத்துத் தருவார்கள். பட்டி மாட்டும் பொத்தானின் ஆணி ஓட்டை பெருத்துவிட்டதா? நெருப்புக்குச்சியின் மருந்தை உடைத்து எறிந்துவிட்டு, குச்சியில் மரப்பசை தடவி ஓட்டைக்குள் வையுங்கள், காய்ந்தபின் ஆணியை ஏற்றுங்கள். பற்றரி உள்ள பேஸென்றால் வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள், செருகியிருக்கும் வரை 9 வோல்ற் பற்றரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இரைச்சல் பற்றி அதிகம் பேர் கேட்கிறார்கள். நம் நாட்டுக் கறண்ட் 50 ஹேர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியின் மூன்றாம் பிரெட், அதாவது ஜி, 49 ஹேர்ட்ஸ். ஆகவே ஸ்பீக்கரில் தாழ்ந்த ஜி போன்ற சுரம் ஓயாமல் ஊமென்று கேட்டால் அது கறண்டிலிருந்து வருகிறது. கம்பியைத் தொட்டதும் குறைந்தால் பேஸில் பெரிய பிழை இல்லை. டியூப் லைற், டிம்மர், போன் சார்ஜர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், உடம்பைத் திருப்பி நின்று பாருங்கள். தொட்டதும் கூடினால் ஏர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது.

இதில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. பேஸின் கம்பிகள் கேபிள் வழியாக அம்பின் உடம்போடு இணைந்தவை. பூங்காவனத் திருவிழா மேடைகளில் பாதிச் சாமான் ஜெனரேற்றரிலும் மீதி கோயில் லைனிலும் ஓடும். ஒன்றில் ஏர்த் இல்லாவிட்டால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று இழுக்கும். மார்கழிப் பனியில், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் இன்னும் மோசம். சிலர் இரைச்சலை நிறுத்த பிளக்கின் ஏர்த் காலையே வெட்டிவிடுகிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். டிஐ பொக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிப்ற் சுவிட்சைத் தட்டுங்கள். அது சத்தம் போகும் வயரின் ஏர்த்தை மட்டும் பிரிக்கும், உயிரைக் காக்கும் ஏர்த்தைத் தொடாது. மிக்சர் எந்த லைனிலோ உங்கள் அம்பும் அதே லைனில் இருக்கவேண்டும் என்று சவுண்ட்காரரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ரெஸ்ரரை மைக்கின் வலையிலும் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். எரிந்தால் சரி செய்யும்வரை வாசிக்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும்.

வீட்டில் ஒலிப்பதிவு செய்ய பேஸ்காரருக்குக் கிடைத்த வசதி வேறு யாருக்கும் இல்லை. பக்கத்து வீட்டுச் சேவல், கோயில் ஒலிபெருக்கி, மாரித் தவளை, ஒன்றும் கேபிளுக்குள் நுழையாது. பேஸைக் கணினியோடு இணைக்கும் இன்ரர்பேஸ் பெட்டியில் இன்ஸ்ட்ருமென்ற் என்று குறித்திருக்கும் வாயில் நேரே செருகுங்கள். மிகப் பலமாக அடிக்கும்போதும் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். இபெக்ற் எதுவும் சேர்க்காத சுத்தமான பதிவு ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள், மற்றதெல்லாம் பிறகு சேர்க்கலாம். கலக்கும்போது 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். எங்கள் சனம் பாட்டுக் கேட்பது போனில். ஈ கம்பியின் 41 ஹேர்ட்ஸைப் போன் ஸ்பீக்கர் எழுப்பவே மாட்டாது. அங்கே பேஸ் கேட்கவேண்டுமானால் மேல்சுரங்கள் வேண்டும். மெல்லிய டிஸ்ரோர்சன் சேர்த்து, 700 முதல் 1000 ஹேர்ட்ஸ் வரை சற்றே உயர்த்திப் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் நண்பரின் பாட்டுக்கு இங்கிருந்து வாசித்து அனுப்புகிறவர்கள் பலர். வேவ் கோப்பாக, 24 பிற்றில், பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தொடங்கும்படி அனுப்புங்கள். எம்பி3 ஆக்கினால் தொடக்கத்தில் நூலளவு மௌனம் சேர்ந்துவிடும், அவர்கள் பக்கத்தில் தாளம் பின்தங்கும்.

இசைக்குழுவுக்குள் பேஸ்காரருக்கு முதல் எதிரி கீபோட்டின் இடக்கை. நான் வாசிப்பதற்குக் கீழே அல்லது அதே இடத்தில் இன்னொரு பேஸ் ஓடினால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். ஸ்ரைல் போட்டு வாசிக்கும் கீபோட்டென்றால் தாளத்தோடு ஒரு பேஸும் தானாக ஓடும். அதைத் தனியாக அணைக்கலாம், ஒத்திகையின்போதே அணைக்கச் சொல்லுங்கள். இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸுக்குத் தனி மெட்டு இருக்கிறது, அதன் மேல் ஸ்ரைலின் பேஸ் ஏறினால் இரண்டும் முட்டும். இதைச் சண்டையாகப் பேசாமல், கீபோட்காரரை அருகில் இருத்தி, ஒரு பாட்டை இரண்டு விதமாகவும் போனில் பதிந்து காட்டுங்கள். அதற்குப் பிறகு நான் வாதாட வேண்டி வந்ததில்லை.

மற்றது பாடகர்கள். இரவு பதினொரு மணிக்குத் தொண்டை களைத்தபின் "தம்பி, அரைக் கட்டை இறக்கும்" என்பார்கள். சுருதிக் கணக்கில் ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ என்பது விரலில் இருக்கவேண்டும். மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்கு இறங்கினால் நாலு கம்பிப் பேஸில் அந்தத் தாழ்ந்த டி ஷார்ப் கிடையாது. உடனே ஐந்து கம்பி வாங்க ஓடவேண்டாம். ஏ கம்பியின் ஆறாம் பிரெட்டில் அது மேல் ஸ்தாயியில் இருக்கிறது, திறந்தவெளி ஸ்பீக்கர்களில் அந்த இடம் இன்னும் துலக்கமாகவே கேட்கும். பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் இரண்டு சுருதி எழுதி வையுங்கள்: ஒத்திகையில் பாடியது, அதற்கு அரைக் கட்டை கீழே.