பதிவேட்டில் அடங்காத 36 துகில்கள்

நான் ஓர் அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில் பதிவு வேலை பார்க்கிறேன். வந்து சேரும் புடவை, அங்கவஸ்திரம், கோயில் திரைச்சீலை எதுவானாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் ‘நிறம்’, ‘வடிவம்’ என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘பல வண்ணம்’ என்றும் மற்றதில் ‘பூ வேலைப்பாடு’ என்றும் எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பழைய பதிவேடுகளில் பக்கம் பக்கமாக அப்படித்தான் இருக்கிறது. அந்த இரண்டு விவரங்களை வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு துணியைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

இந்த வேலையில் எனக்குப் பெரிய துணையாக இருப்பவர் சிலப்பதிகாரத்துக்குப் பழைய உரை எழுதிய அடியார்க்கு நல்லார். மதுரையின் அறுவை வீதியை, அதாவது துணிக்கடைத் தெருவை, சொல்ல வந்த இளங்கோ, ‘பால்வகை தெரியாப் பன்னூறடுக்கத்து நறுமடி’ என்று பாடினார். வகை பிரித்தறிய முடியாத நூற்றுக்கணக்கான அடுக்குகள் என்பது கவிஞர் கண்ட காட்சி. உரையாசிரியர் அதோடு விடவில்லை. ஊர்காண் காதை உரையில் துகில் வகைகள் என்று 36 பெயர்களை அடுக்கிக்கொண்டு போகிறார். கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம் என்று தொடங்கி வெண்பொத்தி, செம்பொத்தி, பணிப்பொத்தி என்று முடிக்கிறார். ஒன்றுக்கும் விளக்கம் கிடையாது. அவர் காலத்து வாசகர் கடைவீதிக்குப் போனால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். விளக்கத்துக்கு என்ன தேவை?

1892-இல் உ.வே.சாமிநாதையர் அந்த உரையுடன் சிலம்பைப் பதிப்பித்தபோது ஏட்டில் கிடந்த பெயர்கள் அச்சுக்கு வந்தன. பின்னர் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, அவற்றில் பலவற்றை ஓர் ஆடைவகை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அகராதிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏட்டை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்? மேற்கொண்டு சொல்ல வேண்டியவர்கள் துணியைக் கையில் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான்.

சிவப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் அரத்தம் இருக்கிறது, குருதி இருக்கிறது, கோபமும் இருக்கிறது. கோபம் என்பது மழை பெய்து ஓய்ந்ததும் செம்மண் தரையில் ஊர்ந்து வரும் அந்த வெல்வெட் போன்ற சிவப்புப் பூச்சி, இந்திரகோபம். திருமுருகாற்றுப்படையிலேயே ‘கோபத்தன்ன தோயாப் பூந்துகில்’ வந்துவிடுகிறது. பூச்சியின் முதுகில் ஒரு மெத்தென்ற பளபளப்பு உண்டு. குருதியில் அது கிடையாது. ஆகவே இவை ஒரே நிறத்தின் மூன்று பெயர்கள் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பேசியவர்கள் வைத்த பெயர்கள் இவை. சாயவேரும் படிகாரமும் சேர்த்துத் தோய்க்கும்போது எத்தனை முறை தோய்க்கிறோம், எந்தத் தண்ணீரில் அலசுகிறோம் என்பதற்கு ஏற்பச் சிவப்பு மாறும். கொம்பரக்கிலிருந்து எடுத்த சிவப்பு வேறு சாயல். அந்த அரக்குச் சாயம் தறிப்பக்கம் அநேகமாக மறைந்துவிட்டாலும், புடவைக்கடையில் ‘அரக்கு’ என்று கேட்டால் இன்றும் சரியான நிறத்தை எடுத்துப் போடுகிறார்கள். அதே கடையில் விலைச்சீட்டைத் திருப்பினால் ‘மல்டி கலர்’ என்று இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெயர்களைத் தறியோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து எங்களுக்கு உதவ வந்த ஒரு முதிய நெசவாளர். நான் நீலம் என்றும் எழுத முடியாமல் பச்சை என்றும் எழுத முடியாமல் வைத்திருந்த ஒரு பட்டுப்புடவையை அவரிடம் காட்டினேன். அவர் ஓரத்தை மடித்து, மடிப்பின் முதுகு வெளிச்சத்தில் படும்படி பிடித்தார். மேட்டில் நீலம் ஓடியது, சரிவில் பச்சை. “பாவு நீலம், ஊடை பச்சை. மயில்கழுத்து என்று எழுதுங்கள் அம்மா. தனித்தனியாக எழுதினால் இரண்டுமே தப்பு” என்றார். பாவு தறியில் நீளவாட்டில் ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடும் இழை. பிறகு உடலும் கரையும் சேரும் இடத்தைக் காட்டினார். ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கோர்வை அது. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் அங்கே ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருந்தன. ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா மூன்றும், கூட ஓர் ஆளும் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்றார். அதைப் பூ வேலைப்பாடு என்ற கட்டத்தில் எப்படி அடைப்பது?

அன்றிலிருந்து அந்த 36 பெயர்களைப் படிக்கும்போது இது நிறத்தால் வந்ததா, நூலால் வந்ததா, ஊரால் வந்ததா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். இரட்டு நூலால் வந்தது. இரட்டை இழையில் நெய்த முரட்டுத் துணிக்கு இன்றும் அதுவே பெயர். பொன்னெழுத்தும் சித்திரக்கம்மியும் வேலைப்பாட்டால் வந்தவை. கவறு என்றால் சூதாடுகாய். ஆகவே கவற்றுமடி கட்டம் போட்ட துணி என்பது என் எண்ணம். நூல்யாப்பு, நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமிடும் முறை என்று கருதுகிறேன். யாத்தல் என்றால் கட்டுதல்தானே. அந்தக் கைத்தொழில் மிகப் பழையது. அதன் சாயலுள்ள ஆடைகளை அஜந்தா ஓவியங்களிலேயே காணலாம். படோலா என்ற பட்டுத்துணிக்குப் பாவையும் ஊடையையும் ஒருசேரக் கட்டிச் சாயமிடும் பாட்டன் நகரம் இருப்பது குஜராத்தில். குச்சரி என்ற பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது.

தேவகிரி ஊர்ப்பெயர். தக்காணத்தை ஆண்ட யாதவ மன்னர்களின் தலைநகரம் அது. அலாவுதீன் கில்ஜி டெல்லியில் சந்தைக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது அனுமதிச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத உயர்ந்த துணிகளில் தேவகிரியும் ஒன்று என்று வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணி எழுதியிருக்கிறார். மறுபக்கம், கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் 1129-ஐ ஒட்டி எழுந்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூல், அரசன் உடுத்தத் தக்க ஆடைகளின் ஊர்களைச் சொல்லும்போது நாகப்பட்டினத்தையும் சோழநாட்டையும் சேர்த்துக்கொள்கிறது. வடக்கிலிருந்து வந்த துணி நம் பட்டியலில், இங்கிருந்து போன துணி அவர்கள் பட்டியலில்! இவற்றுக்கெல்லாம் முன்பே கலிங்கநாட்டுத் துணி ஒன்று இங்கே வந்து, கடைசியில் கலிங்கம் என்றால் ஆடை என்றே ஆகிவிட்டது.

எங்கள் படிவத்தில் இப்போது கூடுதலாக மூன்று கட்டங்கள் கேட்டு வாங்கியிருக்கிறேன்: நெய்தவர் சொன்ன பெயர், விற்றவர் சொன்ன பெயர், சொன்ன ஊர். பாலும் பழமும், வைர ஊசி, மயில்கண், ருத்ராட்சம் எல்லாம் கேட்டபடியே ஏறுகின்றன. ஒரே துணிக்கு இரண்டு ஊர்கள் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுகிறேன். பொதுப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டால் போதாதா என்று அலுவலகத்தில் சிலர் கேட்கிறார்கள். போதாது. பழைய பதிவேடுகளில் ‘பல வண்ணம்’ என்று கிடப்பவற்றை அலமாரி அலமாரியாக எடுத்து, நெசவாளர்களிடம் காட்டி, மறுபடியும் எழுதிவருகிறேன். திரைச்சீலைகளை இன்னும் தொடவில்லை.